அம்மா எந்த மலையில?

அக்கா! உன்னை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பாய். அதனால் இப்போதும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள். நீ படம் எழுதிய சுவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போ.

மற்றவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டம் அட்டனிலிருந்து மேலே ஏறிப் போகிற பாதையில் இருக்கிறது. மேகம் விலகினால் கொத்மலைப் பக்கத்து மலைகள் தெரியும். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் போகிற வழியில் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் கைக்குழந்தைகளையும் நடக்கப் பழகின பிள்ளைகளையும் விடியற்காலையில் இங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஆயா பார்த்துக்கொள்வார். முன்னால் நீளமான விறாந்தை. தகரக் கூரை நன்றாக இறங்கியிருப்பதால் விறாந்தைச் சுவரில் மழை அடிக்காது. பெரட்டுக்குப் போகிறவர், கடைக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர் எல்லாருடைய கண்ணிலும் அந்தச் சுவர் படும்.

அந்தச் சுவரில்தான் அக்கா படம் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டதல்ல. அவளும் கொழுந்தெடுக்கிறவள்தான். மார்கழியில் வாசலில் பெரிய கோலமாகப் போடுவாள், அவ்வளவுதான். சுவருக்கு அவள் வந்தது பிள்ளைகளின் அழுகையால்.

அக்காவின் மகள், என் மருமகள், அப்போதுதான் பேசப் பழகியிருந்தாள். காலையில் விட்டுவிட்டு வரும்போது மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் கத்துவாள். ஒன்று தொடங்கினால் எல்லாம் தொடங்கும். ஒரு நாள் ஆயா அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, தெனமும் இந்தப் புள்ளைங்க 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு என் உசுர எடுக்குதுங்க. நான் என்னத்தச் சொல்ல? மலையிலங்குறேன். எந்த மலையிலங்குதுங்க. நான் என்ன கங்காணியா?"

அக்கா அன்று சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எதிரே தெரிகிற மலையை அப்படியே சுவரில் கோடு இழுத்தாள். கொழுந்தை அரைக்கிற ஸ்டோர், ஓடை, அதற்கு மேலே தேயிலை நிரைகள். நிரைக்குள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். தலையில் போர்த்தின கொங்காணிக்குக் கீழே கோணலாக ஒரு கொண்டை.

மறுநாள் காலையில் ஒரு பிள்ளை அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "எங்கம்மா!" என்றதாம். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு எப்போதும் கொண்டை கோணல்தான்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஓய்வு இல்லை. பெரட்டிலேயே பெண்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

"ஏய், எம் புள்ளைக்கும் என்னயப் போட்டுக் குடு."

"என்னய எழுதுறப்ப கூடைய நெறைச்சுப் போடு. செவத்துலயாவது நெறையட்டும்."

"எனக்கு மூஞ்சியப் போட்டுராத. புள்ள பயந்துக்கும்!"

நான் அக்காவிடம் கேட்டேன், ஏன் எல்லாருக்கும் முதுகு மட்டும் என்று. எழுதுகிற குச்சியைச் சுவரிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "காலையில விட்டுட்டு வரையில புள்ளைங்க பாக்குறது எங்க முதுகத்தானே தம்பி."

நிறத்துக்கு அவள் பட்ட பாடு தனி. நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு அடித்து மிஞ்சின சுண்ணாம்பு இருந்தது. பாதை வெட்டின இடத்தில் சிவப்பு மண் இருந்தது. கரி இருந்தது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலக்கட்டி கடையில் கிடைத்தது. பச்சைதான் கிடைக்கவில்லை. பச்சை இல்லாமல் தேயிலை மலையை எப்படி எழுதுவது? நீலத்தோடு மஞ்சள் சேர்த்தால் பச்சை வரும் என்று யாரோ சொல்ல, சமையலுக்கு வைத்திருந்த மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்புச் சுவரில் பூசினாள். கண்ணெதிரே செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மலைக்கே ஆலாத்தி எடுத்துட்டா!"

"கல்யாணம் யாருக்குடி, ஸ்டோருக்கா?"

அப்புறம் பச்சைக் கொழுந்தை அரைத்துச் சாறு பிழிந்தாள். பூசும்போது பச்சை. விடிந்து பார்த்தால் தேத்தண்ணி நிறம். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்தாள். கோபமே இல்லை. "இது ஏன் இப்பிடி ஆவுது?" என்றாள். ஸ்டோருக்குள்ளே கொழுந்து கறுப்பது போலத்தான் இதுவும் என்று மச்சான் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் ஸ்டோரில் வேலை செய்கிறவர்.

பிறகு ஒரு சாயங்காலம் சுவரில் பச்சை வந்துவிட்டது. மங்கின பச்சைதான், ஆனால் முற்றின தேயிலை இலையின் பச்சையேதான். எப்படி வந்தது என்று கேட்டேன். "சொன்னா நீயும் எழுத வந்துருவ. அப்புறம் கான் வெட்ட யாரு போவா?" என்று சிரித்தாள். நான் கான் வெட்டுகிறவன். மலையில் மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் எடுக்கிற வேலை.

கண்டாக்கையா ஒரு நாள் அந்த வழியாக வந்து நின்றுவிட்டார். மலையில் எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கிறவர் அவர். ஆயா வெளியே ஓடி வந்தார்.

"யார் எழுதுனது இது? துரை கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிருங்கய்யா. நாங்களும் அப்பிடியே சொல்லிர்றோம்."

அவர் சுவரோரமாகவே நடந்து பார்த்துக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நின்றார். "இந்தத் தொப்பிக்காரன் யாரு?"

"நீங்கதாங்கய்யா."

"வயிறு இவ்வளவு பெருசாவா இருக்கு?"

"செவரு ஈரமுங்க. கொஞ்சம் ஊறிருச்சு."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தடை இல்லை. கீழ்க் கிராமத்திலிருந்து கீரை கொண்டுவருகிற சிங்கள அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மமத் இன்னவத?" என்று கேட்டாள். நானும் இருக்கிறேனா என்று. மறுவாரம் வந்தபோது ஓடைக்கரையில் தலையில் கீரைக் கட்டோடு அவளும் இருந்தாள். இந்தியாவுக்குப் போகிறோம் என்று தலைமன்னாருக்கு ரயிலேறின ஒரு குடும்பத்து அம்மாவும் அந்தச் சுவரில் இன்னும் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைத் தேடுகிற பிள்ளைதான் இங்கே இல்லை.

எல்லாரையும் எழுதினவள் தன்னை எழுதவில்லை. நான் கேட்டபோது, "நான் இங்கதானே நிக்கிறேன்," என்றாள். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவரின் இடது மூலையில் தரையை ஒட்டி ஒரு திட்டு இருந்தது. அக்காவிடம் நல்ல பிரசு கிடையாது. கொய்யாக் குச்சியின் நுனியைக் கடித்து நாராக்கி எழுதுவாள், மிச்சத்தை விரலால் தேய்ப்பாள். குச்சியையும் விரலையும் துடைப்பது அந்த மூலையில்தான். துடைத்துத் துடைத்து அங்கே எல்லா நிறமும் கலந்து சேறு மாதிரி ஆகிவிட்டது. ஆயாவுக்கு அது கண்ணை உறுத்தும்.

"இம்புட்டு லச்சணமா எழுதிட்டு மூலைய அசிங்கப்படுத்துறியே."

"கடைசியில சுண்ணாம்பு அடிச்சுக்கலாம் ஆயா."

கடைசி என்று ஒன்று வரவில்லை. ஆனி மாதத்து மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். குறையவில்லை என்று லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வரும்போது மடியில் ஒன்றும் இல்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, மருமகளைத் திரும்பப் பிள்ளைக்காம்பராவில் விட்டோம். மற்றப் பிள்ளைகள் காலையில் சுவருக்கு முன்னால் போய்த் தங்கள் அம்மாவைத் தொட்டுக் காட்டும். "எங்கம்மா ஓடைக்கு மேல." "எங்கம்மா கல்லுக்கிட்ட." இவள் மட்டும் அந்தக் கூட்டத்துக்குள் போகமாட்டாள். மூலையில் போய், படம் இல்லாத இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு பிள்ளை, "இவங்கம்மா எந்த மலையிலயும் இல்ல," என்று சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சுவரைப் பார்த்து உள்ளதைச் சொன்னது.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், அக்காவை அந்தச் சுவரில் நான் எழுதுவேன் என்று. என் மருமகளுக்குச் செய்ய வேண்டிய தாய்மாமன் சீர் எத்தனையோ இருக்கும். முதல் சீர் இதுதான் என்று நினைத்தேன்.

நினைத்துவிட்டேனே தவிர, பச்சைக்கு எங்கே போவது? அட்டன் பசாரில் நம்மவர் கடை ஒன்றில் பச்சைப் பொடி வாங்கினேன். தகரத்தில் சுண்ணாம்பு பூசி அதன்மேல் தடவிப் பார்த்தேன். இரண்டு நாளில் வெளுத்துப்போனது. அக்காவின் பச்சை வெளுக்கவே இல்லையே! அவள் எதைப் போட்டாள்? மச்சானைக் கேட்டேன், தெரியாது என்றார். ஆயா, "நீலத்தத்தான் கரைப்பா, வேறென்னமோ சேப்பா, நான் பாக்கல," என்றார். எனக்கு அது பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மலையில் நடக்கும்போதெல்லாம் இலையைக் கசக்கிப் பார்ப்பேன், பாசியைச் சுரண்டிப் பார்ப்பேன். அழுகை வருகிற நேரத்தில்கூட அந்தப் பச்சை ஞாபகம் வந்து அழுகை நின்றுபோகும்.

விடை என் கையிலேயே இருந்தது. ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது மண்வெட்டி கனத்தது. பார்த்தேன். அதன் தகட்டில் மண் காய்ந்து அப்பிக்கிடந்தது. அக்கா இருந்தவரை என் மண்வெட்டியில் மண் இருந்ததே இல்லை. நான் வந்து சாய்த்து வைத்த உடனே எடுத்துப்போய்ச் சுரண்டிக் கழுவி வைத்துவிடுவாள். தம்பி மேல் உள்ள பாசம் என்று நினைத்திருந்தேன். காய்ந்த மண்ணை நகத்தால் கீறினேன். மஞ்சள்! ஆழமாகக் கான் வெட்டும்போது சிவப்பு மண்ணுக்குக் கீழே வருகிற மஞ்சள் களி. ஓடிப்போய் அதை நீலத்தோடு குழைத்தேன். தகரத்தில் தேய்த்தேன். அக்காவின் பச்சை.

அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். என்னுடைய மண்ணை எடுத்து எழுதிவிட்டு என்னிடமே சொல்லாமல் இருந்திருக்கிறாள். மச்சான் எட்டிப் பார்த்து, "என்னடா, நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டார்.

அடுத்தது அவள் உருவம். இங்கே எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. லயத்தில் ஒரே காம்பராவில் வளர்ந்தேன், அவள் கையால் தின்றேன், ஆனால் அவள் மலையில் வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஆண்களுக்கு வேறு மலை, வேறு வேலை. அவள் எப்படி நிற்பாள்? பெரட்டில் போய்ப் பெண்களைக் கேட்டேன்.

"எடது கால ஊண்டி, வலது கால மேட்டுல வெச்சுக்கிட்டு நிப்பா."

"நின்னா எங்க? ஓடிக்கிட்டேல்ல எடுப்பா!"

"பாட்டுப் பாடுவா. பாதியில மறந்துட்டு எங்களப் பாடச் சொல்லுவா."

பாட்டை எப்படி எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை விறாந்தைத் தரையில் கரியால் முதலில் எழுதிப் பார்த்தேன். கொங்காணி, இடுப்பில் கட்டுகிற படங்கு, முதுகில் கூடை. எனக்கே பிடித்திருந்தது. தண்ணிக்குப் போன பெண்கள் குடத்தோடு வந்து சுற்றி நின்றார்கள். அப்புறம் கோணல் கொண்டைக்காரி ஆரம்பித்தாள்.

"டேய் தம்பி, ஒங்கக்கா கொழுந்தெடுக்கப் போறாளா, பள்ளிக்கூடம் போறாளா?"

"ஏன், என்னக்கா?"

"கூடைக்கயிற ரெண்டு தோள்லயும் மாட்டியிருக்கியே! அது தலையிலடா போவும்."

எல்லாரும் ஒரே சிரிப்பு. "பொம்பளைங்க தலையில என்ன சொமக்குதுன்னு இந்த ஆம்பளைங்களுக்கு எங்க தெரியுது," என்றாள் ஒருத்தி. கோணல் கொண்டைக்காரி வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் கூடையைக் கொண்டுவந்து கயிற்றை என் உச்சந்தலையில் மாட்டிவிட்டாள். உள்ளே குடத்தை வைத்தாள். கழுத்து தானாக முன்னால் போனது. முதுகு வளைந்தது.

"இப்பப் பாத்துக்க. இப்பிடித்தான் நிப்பா."

அந்த வளைவை அப்படியே தரையில் மாற்றி எழுதினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இனிச் சுவரில் எழுத வேண்டியதுதான். இடம் எங்கே? சுவர் முழுக்க ஆட்களும் மலையுமாக நிறைந்திருந்தது. மிச்சம் இருந்தது அந்த இடது மூலைதான். "அந்த அழுக்குக்கு மேல ஒரு தடவ சுண்ணாம்பு அடிச்சிரு. அவளே அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருந்தா," என்றார் ஆயா. சரி என்று சுண்ணாம்பைக் கலக்கினேன். மருமகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரித்துண்டால் தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளையடிக்கிற தும்புக்கட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, திட்டின் மேல் பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன்.

"மாமா! அழிக்காத!"

அப்படி ஒரு சத்தம் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தரையில் இருக்கிற கரிப்படத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, "அழிக்கலம்மா, இதோ பாரு, அம்மா இங்கதான் இருக்கு," என்று அதைக் காட்டினேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து இரண்டு கையையும் அந்தத் திட்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா இங்க."

"அங்க படமே இல்லியேம்மா."

"அம்மா இங்கதான்," என்று அழுதாள். சுண்ணாம்பு வழிந்து அவள் விரல்மேல் இறங்கியது.

நான் குனிந்து பார்த்தேன். அதற்கு முன்னால் அந்த இடத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சேறு. கிட்டத்தில் பார்த்தால் விரல் விரலாக இழுத்த தடங்கள். நாலு நாலு விரலாக, மேலிருந்து கீழே, பச்சையில், சிவப்பில், நீலத்தில். அக்காவின் விரல்கள். சாயங்காலமெல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதுவதும் அங்கே துடைப்பதுமாக இருந்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மா படத்தில் இருந்தாள். இவளுக்கு அம்மா இருந்தது அந்த மூலையில். தினமும் ஒதுங்கி உட்கார்ந்தாள் என்று நான் நினைத்தேனே, அவள் ஒதுங்கவில்லை. அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டிருந்தாள்.

நான் இங்கதானே நிக்கிறேன் என்று அக்கா சொன்னது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

சுண்ணாம்பு காயவில்லை. வாளித் தண்ணீரை எடுத்து, துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். மருமகளும் தன் சட்டை நுனியால் ஒற்றினாள். பெண்கள் குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றிக் கொடுத்தார்கள். முழுதாகப் போகவில்லை. மேலே ஒரு கை அகலத்துக்குப் பனி படிந்த மாதிரி வெளுப்பு நின்றுவிட்டது. ஆனால் தடங்கள் தெரிந்தன. ஆயா சுவரில் சாய்ந்து நின்று, "நான் பாவி, அழுக்குன்னேனே," என்றார். "ஒங்களுக்கு என்ன தெரியும் ஆயா, எனக்கே தெரியல," என்றேன்.

தரையில் எழுதின அக்காவைச் சுவரில் எழுதவில்லை. மறுநாள் ஆயா விறாந்தையைக் கழுவும்போது அது போய்விட்டது. குழைத்த பச்சை இருந்ததே, அதை வைத்து அந்தத் திட்டைச் சுற்றித் தேயிலைச் செடிகளை எழுதினேன். இப்போது அந்த இடம் மலைக்குள் வந்துவிட்டது. யாரும் அழுக்கு என்று நினைத்துச் சுண்ணாம்பு அடிக்கமாட்டார்கள். செடிகள் அவ்வளவு நன்றாக வரவில்லை. முட்டைக்கோவாத் தோட்டம் மாதிரி இருக்கிறது என்று கோணல் கொண்டைக்காரி சொன்னாள். இருக்கட்டும்.

போன வாரம் வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன். புதிதாக வந்த ஒரு சின்னப் பிள்ளை மருமகளைக் கேட்டுக்கொண்டிருந்தது, "ஒங்கம்மா எந்த மலையில?" என்று. இவள் நாலு விரலையும் அந்தத் தடத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினாள். "இந்த மலையில. தொட்டுப் பாரு, ஒண்ணும் செய்யாது." அந்தப் பிள்ளையும் தொட்டுப் பார்த்தது. நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வேலை முடிந்ததும் இப்போதெல்லாம் நானே அதைக் கழுவுகிறேன். மஞ்சள் களி வந்தால் ஒரு தகரத்தில் சேர்த்து வைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடமும், படிக்கக் கேட்கிறவர்களிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காலையில் மலையில் இறங்கும்போது விளைச்சல் பெருகப் பொலி சொல்லி, முதல் கொழுந்தைக் கிள்ளிச் சாமியைக் கும்பிடுவீர்கள். அந்த நேரத்தில் என் அக்காவையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் வேலை இல்லாதவர்கள் வீட்டில் விளக்கு வைக்கும்போது நினையுங்கள். எந்தச் சாமியானாலும் சரி, எந்தப் பாஷையானாலும் சரி. அவள் போன இடத்தில் கூடைக்கயிறு தலையை அழுத்தாமல் இருக்கட்டும், கையில் பச்சை குறையாமல் இருக்கட்டும் என்று எல்லாரும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.